ஒட்டிய காபட்டை உரிப்பது எப்படி? கல்முனைக் கரையோர வீடுகளுக்கு

காபட் என்றால் இப்போது பலருக்கும் ஞாபகம் வருவது தார் வீதிதான். இங்கே சொல்லப்போவது வீட்டுக்குள் இருக்கும் காபட்டைப் பற்றி. சீமெந்துத் தரையிலும் மாடிப்படியிலும் பசை போட்டு ஒட்டி, வருடக்கணக்காகக் கழற்றாமல் விட்ட துணி விரிப்பும் பிளாஸ்டிக் விரிப்பும் அதில் அடங்கும்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று இந்த ஊர்கள் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருக்கமாக அமைந்தவை. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அந்த ஈரம் சீமெந்து வழியாகத் தரைக்கு ஏறுகிறது. வெறும் தரையென்றால் காற்றுப் பட்டு உலரும். மேலே காபட் ஒட்டியிருந்தால் ஈரம் அடியிலேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். முந்தைய தலைமுறை விரித்த பன்பாயைத் தூக்கி வெயிலில் போடலாம். ஒட்டிய காபட்டை அப்படிச் செய்ய முடியாது.

வெள்ளம் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் வளரத் தொடங்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். 2024 நவம்பர் கடைசியில் வந்தது போன்ற மழையில் இரண்டு நாளுக்குள் எதை உலர்த்துவது? வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளையோ வயதானவரோ இருந்தால், வெள்ளநீர் குடித்த காபட்டைக் கழுவி மீண்டும் பாவிக்க நினைக்க வேண்டாம். அதைக் கழற்றுவதே நல்லது.

தளபாடங்களை வெளியேற்றி, காபட்டைக் கட்டரால் ஒன்றரை அடி அகலக் கீற்றுகளாக வெட்டுங்கள். மூலையொன்றைக் குறட்டால் பிடித்து, மேல்நோக்கி அல்லாமல் தரையோடு சாய்வாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முழு அறையையும் ஒரே இழுவையில் கழற்றப் பார்த்தால் முதுகுதான் பிடிக்கும். ஆண்கள் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. கீற்றாக வெட்டினால் ஒருவரே செய்யலாம்.

பிறகு பசை. பலர் பிழை விடும் இடம் இதுதான். பெற்றோல், தின்னர், மண்ணெண்ணெய் எதையும் தரையில் ஊற்றாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறையின் அடுப்பு வரை போய்த் தீப்பிடிக்கும். முதலில் ஒரு சாண் இடத்தில் சுடுநீரில் நனைத்த சாக்கைப் போட்டுக் கால் மணித்தியாலம் விடுங்கள். நீரில் கரையும் பசையென்றால் பழஞ்சோறு போலக் குழையும், பட்டி பிளேட்டால் சுரண்டி எடுக்கலாம். சுவரடி பிளக்குகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டே நீர் ஊற்றுங்கள்.

சுடுநீருக்கு இளகாத மஞ்சள் பசையைப் பொறுமையாகச் சுரண்டத்தான் வேண்டும். மேசன்மார் உடனே கிரைண்டர் கொண்டுவரப் பார்ப்பார்கள். உலர்ந்த சீமெந்தை அரைத்தால் எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். கைலேஞ்சி கட்டுவது அதைத் தடுக்காது. கறுப்பாக, தார் போலப் பசை தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். பழைய காலத்துத் தார்ப் பசைகள் சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருந்தது. அதை அரைக்கவோ உலரச் சுரண்டவோ கூடாது. அப்படியே விட்டு, மேலே புதுத் தளம் போட்டு மூடுவதே பாதுகாப்பு.

காணி குறுகிய இந்த ஊர்களில் வீடுகள் மாடியாகவே வளர்ந்தன. படியில் மேலிருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு படியின் மூக்கிலும் வெட்டி, துண்டு துண்டாக எடுங்கள். ஆணிப்பட்டியும் கம்பி ஊசிகளும் இருந்தால் அலவாங்கு நுனியால் கிளப்பி, உடனே ஒரு டின்னுக்குள் போடுங்கள். அரைகுறையாக உரித்த படியோடு இரவைக் கழிக்க வேண்டாம். போரில் காலை இழந்து செயற்கைக் காலுடன் நடப்பவருக்குக் கிளம்பிய விளிம்பு ஒன்றே போதும், அந்தப் பாதம் எதில் தட்டியது என்று உணராது. ஈரப் பசை அதைவிட வழுக்கும்.

உரித்ததை வளவில் எரிக்காதீர்கள். பிளாஸ்டிக் காபட்டில் பெரும்பாலானவை பீ.வீ.சீ. எரிந்தால் தொண்டையை அரிக்கும் அமிலப் புகையும் டயொக்சினும் வரும். வெட்டைக்குள் வீசுவதும் தீர்வல்ல. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததை 2022 ஜனவரியில் உலக ஊடகங்கள் எழுதின. உலர்த்திச் சுருட்டி, உரப்பையில் கட்டி, உள்ளூராட்சி சபை வண்டிக்குக் கொடுங்கள். வண்டி எப்போது வரும் என்பது வேறு கதை.

தரை வெளித்ததும் உடனே புதிதாக ஒட்ட ஓடாதீர்கள். 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் மூடி, 16 மணித்தியாலம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. அந்தத் தரையில் எதை ஒட்டினாலும் கிளம்பும். பழைய சிவப்புச் சீமெந்தென்றால் பசையை நன்றாக நீக்கி பொலிஷ் போட்டாலே போதும். தொழுகைக்கும் படுக்கைக்கும் எடுத்து மடிக்கக்கூடிய பாயை விரித்துக்கொள்ளலாம்.