டிரோன் மருந்து தெளித்து சேதமானால் யார் பொறுப்பு?

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பீங்கான் சாமான்கள்தான் நினைவுக்கு வரும். ஊரைச் சுற்றியுள்ள செம்மண் காட்டில் பாடுபடுகிறவர்களுக்கோ முந்திரியும் மணிலாவும்தான் பிழைப்பு. முந்திரி துளிர்த்துப் பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு வந்துவிட்டால் இளந்தளிரும் பூங்கொத்தும் கருகிப்போகும். உரிய நாளில் மருந்தடிக்க வேண்டும். ஆனால் அந்த நாளில் ஆள் கிடைப்பதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க இப்போது டிரோன் என்னும் ஆளில்லா விமானம் வந்திருக்கிறது. வயலின் எல்லையைக் கருவியில் குறித்துக் கொடுத்தால் போதும். தானே பறந்து, தானே திரும்பி, மருந்தைத் தெளித்துவிட்டு இறங்குகிறது. இதுவும் ஒரு வகை இயந்திர மனிதன்தான். இதனால் விவசாயிக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து, பக்கத்து நிலம் கெட்டுப்போனால் சட்டம் யாரைப் பிடிக்கும் என்பதை ஒவ்வொரு சிறு விவசாயியும் தெரிந்துகொள்வது அவசியம்.

நன்மை என்ன?

கைத்தெளிப்பானில் ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் செலவாகும். டிரோனில் 10 லிட்டர் அளவே போதும். ஒரு ஏக்கரை சுமார் 10 நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆள் நுழைய முடியாத வளர்ந்த கரும்பிலும், சேறான நெல் வயலிலும் வேலை நடக்கும்.

இதைவிடப் பெரிய நன்மை, மருந்து மனிதன் மேல் படாதது. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் நச்சுப் பாதிப்பால் இறந்தனர். முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மூக்கில் துணிகூடக் கட்டாமல் மருந்தடிக்கும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. அந்த ஆபத்தை டிரோன் பெருமளவு குறைக்கிறது.

ஜப்பானில் கிராமங்களில் வயதானவர்களே மிஞ்சியதால், யமஹா கம்பெனி 1987ஆம் ஆண்டிலேயே நெல்லுக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா ஹெலிகாப்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் இது பரவ ஆரம்பித்தது 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் வந்த பிறகுதான்.

ஆபத்து எங்கே?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 400 மில்லி மருந்து என்றால், கைத்தெளிப்பானில் அது 200 லிட்டர் தண்ணீரில் கரைகிறது. அதாவது லிட்டருக்கு 2 மில்லி. டிரோனில் அதே 400 மில்லி, 10 லிட்டரில் கரைகிறது. லிட்டருக்கு 40 மில்லி ஆகிறது. ஆகவே டிரோனிலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் 20 மடங்கு கடுமையானது. துளிகள் நுண்ணியவை என்பதால் காற்று அடித்தால் வரப்பைத் தாண்டிப் போய்விடும்.

பக்கத்து நிலத்தில் பறிப்புக்குத் தயாரான கத்தரி இருக்கலாம். தேனீப் பெட்டி இருக்கலாம். மீன் குட்டை இருக்கலாம். களைக்கொல்லியானால் இன்னும் மோசம். 2,4-டி போன்ற மருந்து காற்றில் சிறிதளவு போனாலே பருத்தி, கத்தரி, தக்காளி இலைகள் சுருண்டுவிடும்.

வானிலிருந்து மருந்து தெளிப்பதில் நமக்கு ஒரு கசப்பான பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் முந்திரித் தோப்பில்தான். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், அரசுக்குச் சொந்தமான பிளாண்டேஷன் கார்ப்பரேஷன் தோட்டங்களில், இதே தேயிலைக் கொசுவை ஒழிக்க எண்டோசல்பான் மருந்தை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை இது நடந்தது. தோட்டங்களுக்கு நடுவே மக்கள் குடியிருந்தார்கள். கிணறுகள் திறந்து கிடந்தன. பிறவி ஊனம், நரம்புக் கோளாறு என்று ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் சேர்ந்தனர்.

இதை எதிர்த்து முதலில் கோர்ட்டுக்குப் போனவர்களில் ஒருவர் பெரிய வக்கீலோ அரசியல்வாதியோ அல்ல. வேளாண்துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா என்ற பெண்மணி. 1998ஆம் ஆண்டு ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, தெளிப்புக்குத் தடை வாங்கினார். சுப்ரீம் கோர்ட் 2011 மே 13ஆம் தேதி நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி, பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. தெளிப்பு நின்று 16 ஆண்டுகளுக்குப் பிறகே இந்த உத்தரவு வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

டிரோன் பறப்பது ஹெலிகாப்டர் உயரத்தில் அல்ல. பயிருக்கு மேலே சில அடி உயரத்தில்தான். மருந்தும் வேறு. ஆனாலும் மேலிருந்து தெளிப்பது மேலிருந்து தெளிப்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1958ஆம் ஆண்டு பூச்சிமருந்து கலந்த உணவைச் சாப்பிட்டு கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பலர் இறந்தனர். அதன் விளைவாக வந்ததே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன்கீழ் 1971ஆம் ஆண்டு செய்யப்பட்ட விதிகள், வானிலிருந்து மருந்து தெளிப்பதற்குத் தனி நிபந்தனைகள் விதித்தன. டிரோனைப் பற்றி யாரும் எண்ணிப் பாராத காலம் அது. ஆனாலும் அந்தப் பழைய நிபந்தனைகளையே அடிப்படையாக வைத்து, மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் டிரோன் தெளிப்புக்கான நடைமுறையை வெளியிட்டது. முக்கியமானவை இவை:

1. அங்கீகரிக்கப்பட்ட மருந்தை, அங்கீகரிக்கப்பட்ட அளவில், உயரத்தில் மட்டுமே தெளிக்க வேண்டும்.

2. தெளிக்கும் பரப்பை அடையாளமிட்டுக் காட்டுவது டிரோன் நடத்துபவரின் பொறுப்பு.

3. குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக ஊராருக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆட்களும் ஆடுமாடுகளும் குறிப்பிட்ட நேரம் வரை உள்ளே வராமல் தடுக்க வேண்டும்.

5. கழுவிக்கொள்ளத் தண்ணீரும் முதலுதவியும் தயாராக இருக்க வேண்டும்.

6. இயக்குபவர் மருந்தின் நச்சுத்தன்மை பற்றியும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

பறப்பதற்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும். மருந்து தெளிக்கும் டிரோனுக்கு, வண்டிக்கு நம்பர் போல, தனி அடையாள எண் வேண்டும். இயக்குபவர் 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். நாட்டின் வான்பகுதி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சையில் அனுமதி கேட்காமல் பறக்கலாம். மற்ற இரண்டில் முடியாது. பக்கத்தில் நெய்வேலி இருப்பதால், பறக்குமுன் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

யார் பொறுப்பு?

டிரோன் தானே பறந்து தானே தெளித்தது என்று சொல்லித் தப்ப முடியாது. இயந்திரத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. சட்டத்தின் கண்ணில் அது ஒரு பொருள்தான். ஆகவே அதன் பின்னால் இருக்கும் மனிதர்களைத்தான் கோர்ட்டு தேடும்.

முதலில் இயக்கியவரும் டிரோனின் சொந்தக்காரரும். வேலையாள் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டம். அடுத்து, கூலி கொடுத்து அடிக்கச் சொன்ன நிலக்காரர். காற்று பலமாக இருக்கிறதே என்று இயக்குபவர் சொல்லியும், 'பரவாயில்லை, அடி' என்று வற்புறுத்தியிருந்தால் அவரும் வழக்கில் இழுக்கப்படலாம். கருவியிலேயே கோளாறு என்றால் தயாரித்த கம்பெனியும் பொறுப்பாகும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது.

மோட்டார் வாகனத்துக்கு இருப்பதுபோல், டிரோனால் மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று டிரோன் விதிகள் கூறுகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் ஷரத்துகளையே இதற்குப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் டிரோன் விழுந்து மாடு செத்தால் விபத்து என்று எளிதில் காட்டலாம். மருந்து காற்றில் பறந்து வந்து பயிர் கருகினால் அப்படிக் காட்டுவது கடினம். எனவே மருந்துச் சிதறலுக்கும் பாலிசியில் இடம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேதம் நேர்ந்தால்

பேச்சுவார்த்தையில் தீர்ந்தால் நல்லது. ஆனால் பேசுவதற்கும் சாட்சியம் வேண்டும். கீழ்க்கண்டவற்றை அன்றைக்கே செய்யுங்கள்.

தெளித்த நாள், நேரம், காற்றின் திசை, டிரோனின் அடையாள எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சேதத்தைப் படம் எடுங்கள். மருந்தின் பெயர், பாட்ச் எண், கடை ரசீது ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேளாண்மை உதவி அலுவலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நிலத்தைப் பார்வையிடக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எந்தப் பாதையில், எவ்வளவு உயரத்தில் பறந்தது என்ற விவரம் டிரோனின் கருவியில் பதிவாகிறது. அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி சொந்தக்காரருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பொய் சொல்லாத சாட்சி அது.

பக்கத்து நிலக்காரர் நஷ்ட ஈடு கேட்க சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். வாடகை கொடுத்து அமர்த்தியவரின் சொந்தப் பயிரே கெட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம். விவசாயியும் நுகர்வோரே என்று விதை வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் 2012ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

கூலியாட்களின் நிலை

மருந்தடித்துப் பிழைத்தவர்களின் கூலி போகுமே என்ற கவலை நியாயமானது. அவர்களையே இயக்குபவர்களாக்குவதுதான் இதற்கு மாற்று. 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த நமோ டிரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்க வகுக்கப்பட்டது. விலையில் 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. ஒருவரே விலைக்கு வாங்குவதைவிட, குழுவாகச் சேர்ந்து வாடகைக்கு விடுவதே சிறு விவசாயிகளுக்கு ஏற்றது.

வாடகைக்கு எடுக்குமுன்

அடையாள எண், சான்றிதழ், இன்சூரன்ஸ் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். 'டேங்குக்கு இத்தனை மூடி' என்ற பழைய கணக்கு டிரோனுக்கு உதவாது. ஏக்கருக்கு எவ்வளவு என்பதே கணக்கு. முந்திரி பூத்திருக்கும்போது தேனீ நடமாடும் பகல் நேரத்தில் தெளிக்காதீர்கள். கிணறு, குளம், குட்டைக்கு அருகில் தெளிக்கக் கூடாது. காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். முந்திரிக்கு எந்த மருந்து, எந்தப் பருவத்தில் என்பதை விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல்நாளே பக்கத்து நிலக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டம் கேட்பதும் அதைத்தான். அவர் தேனீப் பெட்டியை மூடிக்கொள்வார். மாட்டை வேறு பக்கம் கட்டுவார். கிணற்றுக்கு ஒரு தார்ப்பாய் போடுவார். கோர்ட்டு வாசலுக்குப் போகாமல் இரண்டு குடும்பமும் நிம்மதியாக இருக்கலாம்.