காணொளி போடுவதற்கு முன் ஒரு விண்ணப்பம்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். இவற்றை முதலில் செய்தவர் யார் என்று கேட்டால் ஊருக்கொரு பதில் வரும். உரிமையைப் பதிவதைப் பற்றி யோசிக்கிற காலமா அது?

இன்று அதற்கு வழி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு 'சஹசக் நிமவும்' போட்டியையும் கண்காட்சியையும் நடத்துகிறது. பிரதேச மட்டத்தில் விதாதா வள நிலையங்கள் உள்ளன. ஆனால் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம், அதாவது நூறு ரூபாவில் பத்துச் சதம். அந்தப் பத்துச் சதம் கிளிநொச்சியில் வெல்டிங் கடை வைத்திருப்பவரின் கைக்கு வரும் என்று நான் நம்பவில்லை.

பணம் வராவிட்டாலும் உரிமையையாவது அவர் காப்பாற்றிக்கொள்ளலாம். காலை இழந்த ஒருவருக்காக முச்சக்கரவண்டியின் கால் பிரேக்கை, இதுவரை எவரும் செய்யாத முறையில், கைக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று பின்னேரமே முகநூலில் காணொளி ஏறிவிடும். சிக்கல் அங்கேதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பேட்டன்ற் எனப்படும் ஆக்கவுரிமை புதியவற்றுக்கு மட்டுமே. புதியது என்றால் உலகில் எங்கும் முன்னர் வெளியாகாதது. அவரே போட்ட காணொளியும் வெளியீடுதான். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் இலங்கைச் சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. அதற்குப் பிறகு அந்தக் காணொளியே அவருக்கு எதிரான சாட்சி. ஐரோப்பாவில் பொதுவாக இந்தச் சலுகையும் கிடையாது. அங்குள்ள உறவினர் மூலம் விற்கும் எண்ணம் இருந்தால், முதலில் இங்கே விண்ணப்பம், பிறகுதான் காணொளி. அந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் அங்கும் விண்ணப்பித்தால் முதல் திகதியே செல்லும்.

விண்ணப்பம் போவது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு. அதில் கடினமான பகுதி உரிமைக்கோரல்: எது உங்களுடையது என்று சொற்களால் வேலி போடுவது. வேலி ஒடுங்கினால் ஒரு ஆணியை மாற்றிவிட்டு இன்னொருவர் விற்பார், அகன்றால் நிராகரிப்பார்கள். (எல்லை வேலிக்கு வழக்குப் பேசியே பழகிய எங்களுக்கு இது விளங்காததல்ல.) ஆக்கவுரிமை கிடைத்தால் 20 வருடம், இலங்கைக்குள் மட்டும்.

இந்த வேலியை எழுதித் தர வடக்கில் ஒரு மேசை வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. ஆணைக்குழு கிழமைக்கு ஒரு நாள் அங்கே தமிழ் தெரிந்த ஒரு அலுவலரை இருத்தினால், வெல்டிங் கடைக்காரர் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.