அழுக்குப் பஞ்சில் இருக்கிறது மீனின் உயிர்!

மீன் தொட்டியைப் பளபள என்று கழுவி வைக்கிறார்கள். பில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுசு போல ஆக்கி விடுகிறார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால், இரண்டு மூன்று நாளில் ஒரு மீன் செத்து மிதக்கிறது. மறுநாள் இன்னொன்று!

குழந்தைகள் அழுகிறார்கள். "நோய் பிடித்த மீனைக் கடைக்காரன் தலையில் கட்டி விட்டான்" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள்.

பல வீடுகளில் கடைக்காரர் மேல் தப்பே இல்லை. ஸ்பாஞ்சை அளவுக்கு மீறிக் கழுவியதுதான் மீனைக் கொன்றது.

விஷத்தைத் தின்னும் கிருமி

மீனின் செவுள் வழியாக அம்மோனியா என்ற பொருள் வெளியே வருகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அது உண்டாகும். மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வருமே, அதுதான். மீனுக்கு அது விஷம். ஏரியில் அது பரவிக் கரைந்து விடும். இரண்டு அடித் தொட்டியில் எங்கே போகும்?

அந்த விஷத்தைத் தின்று தீர்க்கச் சில நுண்கிருமிகள் இருக்கின்றன. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷமே. இன்னொரு வகை, அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை. செடிக்கு அது உரம். 1890-ம் ஆண்டு வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, இந்த வகைக் கிருமிகளை மண்ணில் இருந்து பிரித்துக் காட்டினார்.

ஸ்பாஞ்சைத் தொட்டால் வழவழ என்று பழுப்பாக ஒட்டுகிறதே, அதில்தான் இவை குடி இருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பது கிருமியைக் கொல்வதற்காக. நல்ல கிருமி எது, கெட்ட கிருமி எது என்று அதற்குத் தெரியுமா?

எப்படிக் கழுவுவது?

வாரம் ஒரு முறை தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்றுவீர்கள் அல்லவா? அந்தப் பழைய தண்ணீரை வாளியில் பிடித்து வையுங்கள். ஸ்பாஞ்சை அதில் முக்கி நாலைந்து தடவை பிழியுங்கள். தண்ணீர் அதன் வழியே அடைப்பு இல்லாமல் போனால் போதும். வெள்ளையாக வேண்டியது இல்லை. சோப்பு கூடவே கூடாது!

பிழிந்த தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள். செடி செழிக்கும்.

செராமிக் வளையங்களையும் அதே மாதிரி ஒரு அலசு அலசினால் போதும். கொதிக்க வைக்காதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள். காய்ந்தால் கிருமி சாகும். ஒழுங்காக வைத்துக் கொண்டால் வளையம் வருடக் கணக்கில் உழைக்கும். அதை மாதா மாதம் மாற்றுவது காசுக்கும் கேடு, மீனுக்கும் கேடு. ஸ்பாஞ்சையும் வளையத்தையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

கரி மட்டும் வேறு. ஆக்டிவேட்டட் கார்பன் என்று விற்கும் கரியின் துளைகள் சில வாரங்களில் அடைத்துக் கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் பழைய சக்தி வராது. எறிந்து விட்டுப் புதுசு போடுங்கள்.

புதுத் தொட்டிக்குப் பழைய ஸ்பாஞ்சு

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் ஏராளம். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி வருகிறவர்கள் உண்டு. புதுத் தொட்டியில் கிருமி பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். நண்பர் வீட்டில் ஓடுகிற தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் பாதியை ஈரத்தோடு வாங்கி உங்கள் பில்டரில் போடுங்கள். கிருமி சீக்கிரம் பெருகும். அந்தத் தொட்டியில் மீன்களுக்கு நோய் இருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

ஏற்கனவே குழாயடியில் கழுவி விட்டீர்களா? மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரினைப் போக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளில் கிடைக்கும். அதைப் புதுத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். இரண்டு நாளைக்குத் தீனி போடாதீர்கள். மீன் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது.