ஹோட்டலுக்குத் தட்டு, கிண்ணம் வாங்கப் போறீங்களா? கையிருப்பு, கழிவு, சட்டம் – ஒரு கணக்கு

சின்ன ஹோட்டல் தொடங்குபவர்கள் அடுப்பு, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். தட்டு, டம்ளர், கிண்ணம் மட்டும் பெரும்பாலும் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள்தான் வந்து இறங்கும். ஆனால் வாடிக்கையாளர் கை வைப்பதும் வாய் வைப்பதும் இவற்றில்தான். கழிவு, தண்ணீர், கூலி என்று மாதாமாதம் செலவு வைப்பதும் இவைதான்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய கோயில் குளம், நடந்து போகும் தூரத்தில் கிழக்கேகோட்டை, பக்கத்தில் மணக்காடு, ஆற்றுகால். கோயிலுக்கு வருபவர்களையும் தமிழ்க் குடும்பங்களையும் நம்பி அங்கே ஒரு சைவ ஹோட்டல் திறந்தால், எந்தப் பாத்திரத்தில் பரிமாறுவது?

கழிவு ஏன் முதல் கேள்வி?

திருவனந்தபுரத்தின் குப்பை ஒரு காலத்தில் விளப்பில்சாலை ஆலைக்குப் போனது. மக்கள் போராட்டத்தால் 2011 டிசம்பரில் அது மூடப்பட்டது. அதன் பிறகு, குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரித்துக் கையாள வேண்டும் என்ற முறைக்கு நகரம் மாறியது. மக்காத குப்பையை ஹரித கர்ம சேனை கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போகிறது. சாம்பாரும் எண்ணெயும் ஒட்டிய தட்டு எந்தப் பக்கமும் சேராது. அதைக் கழுவிக் கொடுக்கவும் முடியாது, சும்மா வீசவும் முடியாது.

2015-ல் கேரளத்தில் நடந்த 35-வது தேசிய விளையாட்டுப் போட்டியில் பசுமை நெறிமுறை பின்பற்றப்பட்டது. பிறகு ஆற்றுகால் பொங்கலுக்கும் அது வந்தது. லட்சக்கணக்கானோர் கூடும் விழாவிலேயே எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வரும்போது, 40 பேர் உட்காரும் ஹோட்டலில் முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ரா ஆகியவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1-லேயே 14 வகைப் பொருள்களைத் தடை செய்துவிட்டது.

‘பேப்பர் கப்தானே, பிளாஸ்டிக் இல்லையே’ என்று சிலர் கேட்கலாம். பேப்பர் கப் ஒழுகாமல் இருப்பதற்குக் காரணமே உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான். ஐ.ஐ.டி. காரக்பூர் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் பேப்பர் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன.

எவர்சில்வரா, யூஸ் அண்ட் த்ரோவா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

40 இருக்கை, மூன்று பந்தி என்றால் நாளுக்கு 120 சாப்பாடு. யூஸ் அண்ட் த்ரோ செட் ஒன்று 4 ரூபாய் என்றால் நாளுக்கு 480 ரூபாய், 26 நாளுக்கு 12,480 ரூபாய்.

எவர்சில்வரில், ஒரு செட் மேசையில் இருக்கும்போது இன்னொன்று துலக்கும் இடத்தில் இருக்கும். ஆகவே 80 செட் வேண்டும். தட்டு, நான்கு கிண்ணம், டம்ளர் சேர்த்து 400 ரூபாய் என்றால் முதலீடு 32,000 ரூபாய். துலக்கும் கூலி, தண்ணீர், சோப்புக்குக் கூடுதலாக நாளுக்கு 250 ரூபாய், அதாவது மாதம் 6,500 ரூபாய். மாத மிச்சம் 5,980 ரூபாய். போட்ட பணம் ஆறாவது மாதத்தில் திரும்பிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். துலக்கும் செலவு நாளுக்கு 480 ரூபாயைத் தொட்டால் இந்த மிச்சம் காணாமல் போகும். எனவே தட்டு வாங்கும் முன்பு துலக்கும் இடத்தையும் ஆளையும் முடிவு செய்யுங்கள்.

எந்த எவர்சில்வர்?

காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் உண்மை. 304 ரகத்தில் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த, விலை மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. உப்பும் புளியும் படப்பட 202 சீக்கிரம் கறைபடும், துருப்பிடிக்கும். கடற்கரை நகரத்தில் இது இன்னும் முக்கியம். ரகத்தை பில்லில் எழுதி வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச் 14-ல் வெளியிட்டது. தர எண் ஐ.எஸ். 14756.

மெலமைன், பீங்கான், மண்சட்டி?

மெலமைன் இலேசானது, எளிதில் உடையாது. ஆனால் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டாம் என்கிறது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆர். கொதிக்கும் ரசத்துக்கு அது பொருந்தாது. இட்லி, வடை வைக்கப் பயன்படுத்தலாம்.

பீங்கான் பார்க்க அழகு. விளிம்பு தெறித்ததை அன்றைக்கே ஒதுக்கிவிட வேண்டும், கிருமி தங்கும், வாயையும் கிழிக்கும். சைவ ஹோட்டல்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளணும். ‘போன் சைனா’ என்ற பெயரிலேயே எலும்பு இருக்கிறது. அதில் பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் எலும்புச் சாம்பல் உண்டு. ‘சுத்த சைவம்’ என்று பலகை வைத்துவிட்டு அதில் பரிமாறினால், விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் கேட்காமல் இருக்க மாட்டார்.

மெருகு பூசாத மண்சட்டி எண்ணெயையும் சோப்பையும் உறிஞ்சும். ஒரு சட்டியை ஒரே பதார்த்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை, செம்பு என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும்.

டம்ளரிலும் ஊர் வழக்கம் உண்டு. கேரள ஹோட்டல்களில் பதிமுகமோ சுக்கோ போட்ட வெந்நீர் தருவார்கள். மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் கை சுடும். இரட்டைச் சுவர் டம்ளரோ கெட்டிக் கண்ணாடியோ நல்லது.

அளவு ஏன் முக்கியம்?

குழம்புக்கு 100 மில்லி கிண்ணம் போதும் என்ற இடத்தில் 150 மில்லி வாங்கினால், பரிமாறுபவர் அதை நிரப்பத்தான் செய்வார். 120 சாப்பாட்டில் 50 மில்லி வீதம் மிஞ்சினால் நாளுக்கு 6 லிட்டர், 26 நாளில் 156 லிட்டர். அத்தனையும் நீங்கள் காசு போட்டுச் சமைத்தது. பிறகு அதை அகற்றவும் நீங்கள்தான் வழி தேட வேண்டும். சின்னக் கிண்ணம் வைத்து, கேட்டால் மறுபடி ஊற்றுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

மேசையையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி மேசையில் 12 அங்குலத் தட்டு நான்கு வைத்தால் விளிம்போடு விளிம்பு முட்டும். டம்ளர் வைக்க நடுவில் சின்ன இடைவெளிதான் மிஞ்சும். ஒன்று 10 அங்குலத் தட்டுக்கு இறங்குங்கள், இல்லையென்றால் மேசையைப் பெரிதாக்குங்கள்.

வாழையிலை?

துலக்கும் வேலை இல்லை, சூடு தாங்கும், மக்கும். ஆனால் இலை வரத்தும் விலையும் ஓணம், முகூர்த்த நாள்களில் மாறும். மதியச் சாப்பாட்டுக்கு இலை, காலை மாலை டிபனுக்கு எவர்சில்வர் என்று பிரிக்கலாம். இலையை உரமாக்கவோ மாட்டுக்குக் கொடுக்கவோ ஆள் பிடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பார்சல்?

கேரளத்தில் 2023 ஜனவரி முதல், பார்சலில் தயாரித்த நேரமும் சாப்பிட வேண்டிய நேர வரம்பும் எழுதிய ஸ்டிக்கர் கட்டாயம். அது ஒட்டும் அளவுக்குச் சமமான மூடியுள்ள டப்பா வாங்குங்கள். அச்சிட்ட செய்தித்தாளில் உணவு மடிக்கக் கூடாது, மை உணவில் இறங்கும்.

மொத்தமாக வாங்கும் முன்பு பத்து செட் மட்டும் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எத்தனை மிஞ்சுகிறது, எது கறைபடுகிறது, துலக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் குறித்து வையுங்கள். துலக்குபவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தத் தட்டு நிற்கும் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.