குருவானவருக்கு ஏன் நீண்ட ஓய்வு?



"எங்கள் ஐயர் மூன்று மாதம் லீவு கேட்கிறாராம், என்ன விஷயமோ?" சேகரத்தில் இப்படி ஒரு பேச்சு எழும்பினால் அது சும்மா நிற்பதில்லை. கமிட்டியாரோடு மனஸ்தாபம் என்பார் ஒருவர். வீட்டில் ஏதோ பிரச்சனை என்பார் இன்னொருவர். மனுஷன் களைத்துப்போயிருப்பார் என்று சொல்லுகிறவர்கள் அபூர்வம்.

நம் திருநெல்வேலி சபைகளுக்கு இது புதிய காரியம் அல்ல. 1838-ல் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல் ஐயர், 1841 முதல் இடையன்குடியில் ஊழியம் செய்தார். தேரி மணலும் வெயிலும் ஓயாத அலைச்சலும் சேர்ந்து அவருடைய சரீரத்தைத் தளர்த்திவிட்டன. 1854-ல் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதற்கு முன் இப்படிப்பட்ட ஓய்வு வருஷக்கணக்கில் நீளுவது சகஜம். அவர் அங்கே இருந்தபோதுதான், 1856-ல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளியாயிற்று. பிறகு இடையன்குடிக்கே திரும்பி வந்தார். அவர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது 1880-ல். 1854-ல் "இங்கேயே கிடந்து சாவேன்" என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இவையெல்லாம் என்னவாகியிருக்கும்!

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரோ, 1895-ல் இந்தியாவுக்கு வந்தபின் 1951-ல் மரிக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. அந்த அர்ப்பணிப்பை நாம் மெச்சுகிறோம். ஆனால் அதையே எல்லாருக்கும் அளவுகோலாக வைப்பது நியாயமல்ல. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: தாயகம் செல்லும் அந்த நீண்ட விடுப்பு வெளிநாட்டு மிஷனரிமாருக்கென்று ஏற்பட்டது. அதே வெயிலில் அவர்களோடு நடந்த நம் நாட்டுக் குருமாருக்குத் தாயகமும் இதுதானே.

மருத்துவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? 'பர்ன் அவுட்' என்ற சொல்லை 1974-ல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல அறிஞர் எழுத்தில் கொண்டுவந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை வியாதி என்று சொல்லாமல், வேலையின் ஓயாத அழுத்தத்தால் உண்டாகும் நிலை என்று வகுத்தது. தீராத அசதி, செய்யும் வேலையில் வெறுப்பு, எதைச் செய்தாலும் பயனில்லை என்ற எண்ணம்: இவையே அடையாளங்கள். காலையில் ஒரு ஊரில் ஆராதனை, அடுத்த ஊரில் திருவிருந்து, நடுவே ஒரு அடக்க ஆராதனை, இரவில் குடும்பச் சண்டைக்கு மத்தியஸ்தம் என்று ஓடுகிறவருக்கு இது வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு நோய் ஆகியவையும் இப்படியே தோன்றும். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகே ஓய்வு.

சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டுப் படுத்திருந்த எலியாவைத் தூதன் கண்டிக்கவில்லை. இரண்டுமுறை எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான். கேள்வி பிறகுதான் வந்தது.

குருவானவர் குருமனையிலேயே இருந்துகொண்டு ஓய்வெடுக்க முடியாது. கதவைத் தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். ஊரைவிட்டு வெளியே தங்க இடம், குறையாத சம்பளம், பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்ற காலம், பொறுப்பேற்க இன்னொரு குருவானவர், இந்த நான்கையும் சபையார் முன்கூட்டியே ஒழுங்குசெய்ய வேண்டும். "எப்போது வருவீர்கள்?" என்று நடுவில் போன் செய்யாதிருந்தால் இன்னும் நல்லது.