லொத்தர் வீசா – 6: பிள்ளைகள் எத்தனை?

வவுனியாவில் ஒரு கொம்யூனிகேஷன் கடை. அமெரிக்க கிறீன் கார்ட் லொத்தருக்கு விண்ணப்பம் போட நண்பர் ஒருவர் வந்திருந்தார். கடைத் தம்பி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "பிள்ளையள் எத்தினை அண்ணை?"

"ரெண்டு."

மூன்றாவதையும் எனக்குத் தெரியும். முதல் தாரத்து மகள், பதினாலு வயது, மன்னாரில் அம்மம்மாவோடு இருக்கிறாள். நண்பரின் மனைவி பக்கத்தில் நின்றதால் நான் வாய் திறக்கவில்லை. பிறகு தனியாகக் கேட்டேன். "அவள் எங்களோட வரமாட்டாள்தானே, பிறகேன் அவளின்ரை பேர்?" என்றார்.

நம்மவர் மனதில் இருப்பது குடும்ப அட்டைக் கணக்கு. நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற காலத்துப் பழக்கம்: ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் குடும்பம். லொத்தர் படிவம் அடுப்பைப் பார்ப்பதில்லை. யார் கூடப் போகிறார்கள் என்றும் கேட்பதில்லை. சட்டப்படியான கணவன் அல்லது மனைவி. விண்ணப்பிக்கும் நாளில் 21 வயதாகாத, மணமாகாத, உயிரோடிருக்கும் பிள்ளைகள். பெற்றது, சட்டப்படி தத்தெடுத்தது, மனைவியின் முந்திய மணத்துப் பிள்ளை எல்லாம் ஒன்றே. பிள்ளையின் தாயோடு உறவு முறிந்திருந்தாலும், பிள்ளை வேறு ஊரில் வளர்ந்தாலும் பெயர் வேண்டும். ஏற்கெனவே அமெரிக்கக் குடியுரிமையோ கிறீன் கார்டோ உள்ளவர்களை மட்டும் விடலாம், போட்டாலும் குற்றமில்லை. பெற்ற தாய் தகப்பனுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

பெயரைப் போட்டதால் பிள்ளை போயே ஆகவேண்டும் என்றில்லை. விட்டால்தான் வினை. அதிர்ஷ்டம் அடித்து, ஆளுக்கு 330 டொலர் கட்டி, கொழும்பில் நேர்முகத்துக்குப் போய் நிற்கும்போது பழைய விவாகரத்துத் தீர்ப்பில் அந்தப் பிள்ளை தலைகாட்டும். விண்ணப்பத்திலுள்ள அத்தனை பேருக்கும் வீசா மறுக்கப்படும். கட்டிய காசும் திரும்பாது.

பட்டியலில் இவ்வளவு கெடுபிடி சும்மா வரவில்லை. மேற்கு ஆபிரிக்காவின் டோகோவில் நடப்பதைப் பற்றி ஓர் அமெரிக்க மானுடவியலாளர் 2019இல் நூலே எழுதியிருக்கிறார். பெயர் விழுந்தவரிடம் கட்டணத்துக்குப் பணமிருக்காது. பணம் தருகிறவர் வாழ்க்கைத் துணையாகப் பட்டியலில் ஏறிவிடுவார். ஆகவே பிறகு முளைக்கும் எந்தப் பெயரையும் அதிகாரிகள் துருவிப் பார்க்கிறார்கள். விண்ணப்பித்த பின் பிறந்த குழந்தையைச் சேர்க்கலாம், மணந்த துணையையும் சேர்க்கலாம். ஆனால் மெய்ப்பிக்க வேண்டும்.

அக்காவின் பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்திருந்தாலும், சட்டப்படி தத்தெடுக்காவிட்டால் படிவத்துக்கு அது உங்கள் பிள்ளை இல்லை. பத்து வருடமாக முகம் பார்க்காத மனைவியோ, நீதிமன்றம் பிரித்துவைக்கும்வரை மனைவிதான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. நான் என்ன செய்ய?

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டிலிருந்து ஐந்தாண்டில் 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவில் குடியேறினார்களோ, அந்த நாட்டுக்கு இந்த லொத்தர் இல்லை. அதனால் இந்தியாவில் பிறந்தவர் சேர முடியாது. ஆனால் இலங்கையில் பிறந்தவரை மணந்திருந்தால் துணையின் நாட்டைக் காட்டி விண்ணப்பிக்கலாம். இருவர் பெயரும் இருக்கவேண்டும், இருவரும் சேர்ந்தே அமெரிக்காவில் நுழையவேண்டும்.

நண்பரின் அந்த வருடம் அதோடு போயிற்று. அனுப்பிய படிவத்தைத் திருத்த வழியில்லை. இன்னொன்று போட்டால் இரண்டும் தள்ளுபடி. அடுத்த முறை தனியாக வந்தார். மன்னாரிலிருந்து அம்மம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் காட்டினார்: பள்ளிக்கூட உடுப்பு, இரட்டைப் பின்னல், பின்னால் நீலச் சுவர்.

"வெள்ளைச் சுவரில நிண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ அண்ணை" என்றான் தம்பி.