62.5 டிகிரியில் அரை மணி நேரம்

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசி என்று வந்தவரிடம் ஊர், சாதி கேட்பதில்லை. உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். சோறு உண்ண முடியாத, பாலைக்கூடச் சப்பத் தெரியாத ஒரு பசியும் உண்டு. 28 வாரத்திலேயே பிறந்துவிட்ட, ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் பசி அது. அதற்கென ஏற்பட்ட தருமச்சாலைதான் தாய்ப்பால் வங்கி. வடலூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் ‘அமுதம்’ என்ற பெயரில் 2016இல் ஒன்று தொடங்கப்பட்டது.

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றோடொன்று இசைத்துச் செய்ய ஒரு சிசுவுக்குக் கருவில் ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதற்கு முன் பிறந்துவிட்டால் மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் இறங்கும். குறைமாதத்தில் பிரசவித்த தாய்க்கோ பால் சுரக்கச் சில நாள் பிடிக்கலாம். ரத்தக் கொதிப்போ அறுவை சிகிச்சையோ அவரை வேறொரு படுக்கையில் கிடத்தியிருக்கலாம். அந்த இடைவெளியில் மாவுப்பால் கொடுத்தால், குடல் திசு அழுகிப்போகும் கொடிய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வேறொரு தாயின் பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. தேவையும் கொஞ்சம்தான். இத்தனை சிறிய குழந்தைக்கு முதல் நாள் முழுவதற்கும் 20 மி.லி. போதும். பால் கட்டிக்கொண்டு வலியில் தவிக்கும் ஒரு தாய் ஒரே தடவை பீய்ச்சித் தருவது, இப்படி இரண்டு மூன்று குழந்தைகளின் முதல் நாளைக் கடத்திவிடும்.

ஆனால் தருமச்சாலை கேட்காததை வங்கி கேட்டே ஆக வேண்டும், பெறுபவரிடம் அல்ல, கொடுப்பவரிடம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. புகைப்பழக்கம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற விசாரணையும் உண்டு. பிறகு பால் புட்டிகள் வெந்நீர்த் தொட்டியில் இறங்குகின்றன. ஒரு புட்டிக்குள் மட்டும் வெப்பமானி நிற்கும். மற்றவற்றின் சூட்டுக்கும் அதுவே சாட்சி. 62.5 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். உடனே 4 டிகிரிக்குக் குளிர்விப்பு. மாதிரியில் கிருமி வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் கீழே கொட்டப்படும். தேறியது மைனஸ் 20 டிகிரியில் உறையும்.

ஏன் இந்தச் சூடு? கொதிக்கவிட்டால் கிருமியோடு பாலின் காவல் புரதங்களும் போய்விடும். 62.5 டிகிரியில் எச்ஐவி செயலிழக்கிறது, பாக்டீரியா மடிகிறது. பாலில் இருந்த உயிரணுக்களும் கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் சேர்ந்தே அழிகின்றன. நோய் எதிர்ப்புப் பொருளான ஐஜிஏவில் கணிசமான பங்கு மிஞ்சுகிறது. சிறிதும் அசையாதவை தாய்ப்பாலுக்கே உரிய சிறு சர்க்கரைத் தொடர்கள். இவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது! இவை குழந்தைக்கான உணவல்ல. அதன் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களுக்கான உணவு.

உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தோன்றியது. ஆசியாவின் முதல் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு 2015இல் இந்தத் திட்டம் வந்தது. பணக்கார நாட்டு இயந்திரங்கள் இல்லாமலும் இதைச் செய்யலாம் என்று காட்டியது பிரேசில். பிளாஸ்டிக் மூடி போட்ட காப்பித்தூள் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிக் கொதிக்கவைத்துப் பால் சேகரித்தார்கள். சில நகரங்களில் தீயணைப்பு வீரர்களே வீடு வீடாகப் போய் வாங்கி வருகிறார்கள். இன்று அங்கே 200க்கும் மேற்பட்ட வங்கிகள் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்னும் எளிய வழியொன்று சோதிக்கப்பட்டது. பால் புட்டியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் வெளியே எடுத்துவிடுவார்கள். பால் 70 டிகிரியைச் சற்றே தாண்டியிருக்கும். தண்ணீர் கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பால் எத்தனை டிகிரி என்பது தெரியாதே? அதற்காக வாஷிங்டன் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் வெப்ப உணரியைக் கைபேசியோடு இணைத்தார்கள். எப்போது எடுக்க வேண்டும் என்பதைக் கைபேசியே சொல்லிவிடும். விலையுயர்ந்த இயந்திரம் தரும் உறுதியில் பெரும்பகுதி சில்லறைச் செலவில் கிடைத்தது.

எனவே ஏழை நாடுகளுக்குத் தடை கருவி மட்டுமல்ல. தடையில்லா மின்சாரம், ஒழுங்கான பதிவேடு, தாயின் அருகில் உட்கார்ந்து பால் பீய்ச்சக் கற்றுத்தரப் பொறுமையுள்ள செவிலியர் ஆகியவையும் வேண்டும். கடைசியாகச் சொன்னவரே முதன்மையானவர். தானப்பால் எவ்வளவு நல்லதானாலும் சூட்டில் சிலவற்றை இழந்தது. பெற்ற தாயின் பாலுக்கு அடுத்த இடம்தான் அதற்கு. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் வங்கியைப் பாலூட்டல் ஆதரவு மையத்தின் ஓர் அங்கமாகவே வைக்கிறது. தாயின் பால் ஊறிவரும்வரை நாட்களைக் கடத்தித் தருவதே வங்கியின் வேலை. குழந்தைக்கு வங்கிப் பால் எவ்வளவு சீக்கிரம் தேவைப்படாமல் போகிறதோ, அவ்வளவுக்கு அந்த வங்கி நன்றாக நடக்கிறது என்று பொருள்.